மழைக்காட்டின் பற்கள்

இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், புலத்சிங்களவை ஒட்டி நிற்கிறது பாகியங்கல குகை. 5ஆம் நூற்றாண்டில் தீவுக்கு வந்த சீனத் துறவி பாகியன் இங்கே தங்கினார் என்பது ஊர்க்கதை, சான்று இல்லை. அவருக்கு நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே அடுப்பு எரிந்தது என்பதற்கோ சாம்பலே சாட்சி. குகை இருப்பது மழைக்காட்டுப் பகுதியில். அடர்ந்த மழைக்காட்டில் மாவுச்சத்து அரிது, பெரிய விலங்கும் குறைவு. உழவு வரும்வரை மனிதன் அங்கே நிலைத்திருக்க முடியாது என்றுதான் அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினர். இந்தக் குகை அதை மறுக்கிறது. கிடைத்த விலங்கெலும்புகளில் பெரும்பகுதி குரங்கும் மலை அணிலும். மரக்கிளையில் தாவுவதைக் கல்லெறிந்து வீழ்த்த முடியுமா? சுமார் 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு அம்புமுனைகள் அதற்கு விடை: சீவிக் கூராக்கிய, விரல் நீளம்கூட இல்லாத முனைகள்.

வெளியே வாழ்ந்தவர்கள் வேட்டைக்கு மட்டும் காட்டுக்குள் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருப்பதால், நியாயமான கேள்விதான். ஆனால் மணி கைமாறிக்கூட வந்து சேரும், பல் அப்படியல்ல. வெயில் புகாத காட்டில் வளரும் செடிகளில் கார்பன் 13 என்னும் கனமான கார்பன் வகை குறைவு. அந்தக் குறைவு உணவு வழியே பல்லின் எனாமலில் பதிந்துவிடும். இலங்கைக் குகைகளில் கிடைத்த மனிதப் பற்களைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் மழைக்காட்டு உணவையே நம்பியிருந்ததைக் காட்டியது.