பல்லே இல்லாவிட்டாலும் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்: வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே அறிய ஒரு வழிகாட்டி

"பல் வலித்தால்தான் பல் மருத்துவர். பல்லெல்லாம் விழுந்த பிறகு அவரிடம் என்ன வேலை?" நம் வீடுகளில் வயதான அம்மாக்களும் பாட்டிகளும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. மலேசிய இந்தியர்களைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு ஆபத்தானது. பல் மருத்துவர் பார்ப்பது பல்லை மட்டும் அன்று. உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, அண்ணம், தொண்டையின் வாயில் என வாய் முழுவதையும் வெளிச்சம் போட்டுப் பார்க்கும் மருத்துவர் அவர்தான். வாய்ப்புற்றுநோய் முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான்.

உடலுக்குள் வளரும் பல புற்றுநோய்களைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவைப்படுகின்றன. வாய்ப்புற்றுநோய் அப்படியன்று. கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில், பெரும்பாலும் முன்னறிவிப்புடன் வருகிறது. இருந்தும் இந்நாட்டில் இந்நோய்க்கு ஆளாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். வலி இல்லாததால் பொறுத்திருந்ததே பலரின் தாமதத்திற்குக் காரணம்.

நம் சமுதாயத்தில் ஏன் அதிகம்?

மலேசிய மக்கள் தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர்தாம். ஆனால் வாய்ப்புற்றுநோய் என்று வரும்போது அந்தச் சிறிய விகிதத்திற்குச் சற்றும் பொருந்தாத அளவில் நம்மவர்கள் பாதிக்கப்படுகிறார்கள். மலாய், சீனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடையே இந்நோய் பல மடங்கு அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. உலகின் பல நாடுகளில் இது ஆண்களின் நோயாகக் கருதப்படுகிறது. இங்கே அது நம் பாட்டிகளின் நோயாகவும் இருக்கிறது.

1993, 1994ஆம் ஆண்டுகளில் 14 மாநிலங்களிலும் 25 வயதுக்கு மேற்பட்ட சுமார் 11,700 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் பரிசோதித்த தேசிய ஆய்வும் இதையே சொன்னது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களிடமும், சபா, சரவாக் பூமிபுத்ரா மக்களிடமும் கூடுதலாகக் காணப்பட்டன. இவ்விரு பிரிவினருக்கும் பொதுவாக இருந்த பழக்கம் வெற்றிலை பாக்கு மெல்லுவது.

தென்னிந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையையும் கொண்டு வந்தார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் பெண்ணுக்குப் பசியையும் களைப்பையும் மறக்க அதுவே துணை. இரவில் கன்னத்தில் புகையிலையை அடக்கியபடியே உறங்குவோரும் இருந்தார்கள். தோட்டங்களை விட்டுப் பட்டணம் வந்த பிறகு அடுத்த தலைமுறையிடம் இப்பழக்கம் குறைந்தது உண்மை. ஆனால் 20, 30 ஆண்டுகள் மென்றவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். பழக்கத்தை நிறுத்திய பிறகும் ஆபத்து மெல்ல மெல்லத்தான் குறையும்.

பழி எதன் மீது?

வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த வேளையில், 2004இல் வெளியான அதன் அறிக்கை பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. புகையிலையே இல்லாமல் பாக்கை மட்டும் மென்றாலும் ஆபத்து உண்டு என்பதே அதன் பொருள். பொட்டலங்களில் விற்கப்படும் பாக்குத் தூள், பான் மசாலா வகைகளுக்கும் இது பொருந்தும்.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருகச் செய்கிறது. நாளடைவில் கன்னம் இறுகி, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகிறது. சுண்ணாம்பு வாயின் மென்தோலை அரித்து, இந்த வேதிப்பொருள்கள் உள்ளே இறங்க வழி செய்கிறது.

சிகரெட்டும் மதுவும் ஆண்களிடையே பெரிய காரணங்கள். இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. தொண்டையின் வாயில் பகுதியில் வரும் சில புற்றுநோய்களுக்கு எச்பிவி கிருமியும் காரணமாகிறது.

தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்வது நம் பண்பாடு. அந்தத் தட்டை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. மருத்துவர்கள் கேட்பது தட்டில் இருப்பது வாய்க்குப் போகக்கூடாது என்பது மட்டுமே.

வலிக்காத எச்சரிக்கைகள்

புற்றுநோய் வருவதற்கு முன்பே வாய் சில அறிகுறிகளைக் காட்டுவது உண்டு.

வெள்ளைப் படலம்: கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ படியும் வெள்ளைத் திட்டு. துடைத்தாலும் சுரண்டினாலும் போகாது. பெரும்பாலும் வலி இருக்காது. எல்லா வெள்ளைப் படலமும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

சிவப்புப் படலம்: வெல்வெட் துணி போன்ற சிவந்த திட்டு. வெள்ளையைவிட அரிதானது, ஆனால் அதைவிட மிகவும் ஆபத்தானது. வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

வாய் இறுக்கம்: காரம் பட்டால் எரிச்சல், வாயைத் திறப்பதில் சிரமம். முன்பு மூன்று விரல்களை நிறுத்தி வைக்கும் அளவுக்குத் திறந்த வாய் இப்போது இரண்டு விரலுக்கே திறக்கிறது என்றால் கவனிக்க வேண்டும்.

ஆறாத புண்: சாதாரண வாய்ப்புண் 10 நாள், 14 நாளில் ஆறிவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாமல், ஓரங்கள் தடித்துக் கெட்டியாக இருக்கும் புண் சாதாரணப் புண் அன்று.

காரணமில்லாமல் ஆடும் பல், திடீரென்று பொருந்தாமல் போகும் பொய்ப்பல், உதட்டில் மரத்த உணர்வு, கழுத்தில் வலியில்லாத கட்டி, விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

நம் வழக்கத்தில் வாய்ப்புண் வந்தால் "உடம்புச் சூடு" என்று சொல்லி, இளநீர் குடிப்பதும், மணத்தக்காளிக் கீரை சமைப்பதும், மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுவதும் இயல்பு. இரண்டு வாரம் வரை அதில் தவறில்லை. ஆனால் களிம்பு மாற்றிக் களிம்பு தடவி மாதங்களைக் கடத்தும்போதுதான் சிறிய புண் பெரிய சிகிச்சையாக மாறுகிறது.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே ஆகும். பல் மருத்துவர் முதலில் முகத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார். கழுத்தையும் தாடையின் கீழ்ப்பகுதியையும் தொட்டு, நெறி கட்டியிருக்கிறதா என்று கவனிப்பார். பொய்ப்பல் இருந்தால் கழற்றச் சொல்வார். உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும் அடிப்பகுதியையும் காண்பார். இறுதியாக அண்ணமும் தொண்டையும்.

புகையிலை அடக்குவோருக்கு, அடக்கும் அதே பக்கத்துக் கன்னத்தில் மாற்றம் தோன்றுவது வழக்கம். புகை, மது பழக்கம் உள்ளவர்களுக்கு நாக்கின் ஓரமும் நாக்கின் அடித்தளமும் முக்கியமான இடங்கள். இந்த இரண்டு இடங்களும் கண்ணாடியில் நமக்கு எளிதில் தெரியாதவை.

சந்தேகத்துக்குரிய புண் இருந்தால், கூரான பல்லோ உரசும் பொய்ப்பல்லோ காரணமா என்று பார்த்து அதைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வார். அப்போதும் ஆறவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்புவார். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளி சதையை எடுத்து ஆய்வுக் கூடத்தில் சோதிப்பார்கள். புற்றுநோயா இல்லையா என்பதை உறுதிசெய்வது அந்தச் சதைப் பரிசோதனைதான். சதையைத் தொட்டால் நோய் பரவிவிடும் என்று சிலர் அஞ்சுவதற்கு அடிப்படை இல்லை. அந்த அச்சத்தால் ஏற்படும் தாமதமே நோய் பரவ இடம் கொடுக்கிறது.

பார்ப்பதால் உயிர் பிழைக்குமா?

இந்தக் கேள்விக்குக் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு பதில் தருகிறது. 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1,90,000 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்த்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம், பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 34 விழுக்காடு குறைவாக இருந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பிறகும் 24 விழுக்காட்டுக் குறைவு நீடித்தது.

அங்கே பயன்பட்டவை கண்ணும் வெளிச்சமும்தான். பழக்கம் உள்ளவர்களின் வாயை ஒருவர் முறையாகப் பார்த்தார் என்பதே மரணத்தைக் குறைத்தது. பழக்கம் எதுவும் இல்லாதவர்களிடம் இத்தகைய பலன் உறுதியாகவில்லை. ஆகவே யாருக்கு இது மிக அவசியம் என்பதும் தெளிவாகிறது.

தொடக்க நிலையில், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டறிந்தால், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை ஒன்றே போதுமானது. அந்த நிலையில் பொதுவாக 10 பேரில் 8 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். முற்றிய நிலையில் அந்த எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையால் உமிழ்நீர் வற்றிப்போகலாம். பேச்சும் சாப்பாடும் பழையபடி இல்லாமல் போகலாம்.

யார் வருவதில்லை?

பள்ளிக்கூடம் போகும் வரை நம் பிள்ளைகளின் பல்லை அரசாங்கப் பல் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பார்க்கிறது. பள்ளியை முடித்ததும் அந்தத் தொடர்பு பலருக்கு அறுந்துபோகிறது. பிறகு தாங்க முடியாத வலி வந்தால்தான் மருத்துவரைத் தேடுகிறார்கள்.

பல் முழுவதும் விழுந்துவிட்டால் அந்த ஒரு காரணமும் இல்லாமல் போகிறது. வெற்றிலை போட்டுப் பல் இழந்த 70 வயது மூதாட்டிதான் மிகுந்த ஆபத்தில் இருப்பவர். அவரே பல் மருத்துவரிடம் போக மிகக் குறைந்த வாய்ப்புள்ளவரும்கூட. இதை உணர்ந்தே சுகாதார அமைச்சு 1990களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப்புறங்களுக்கும் ஆபத்து மிகுந்த குடியிருப்புகளுக்கும் பல் மருத்துவக் குழுக்களை அனுப்பி வாய்ப் பரிசோதனை செய்து வருகிறது. ஆனால் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களை அழைத்துப்போக வேண்டியது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

எங்கே போவது, என்ன சொல்வது?

'கிளினிக் பெர்கிகியான்' என்ற பெயர்ப்பலகை உள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களில் குடிமக்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் பரிசோதனை கிடைக்கிறது. தனியார் பல் மருத்துவர்களிடமும் செய்துகொள்ளலாம். பல் பிடுங்கவோ அடைக்கவோ போகும்போது அவசரத்தில் வாய் முழுவதையும் பார்க்காமல் போகலாம். எனவே வாய்ப்புற்றுநோய்ச் சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது நல்லது. மலாயில் 'சாரிங்கான் கன்செர் மூலுட்' என்றால் புரிந்துகொள்வார்கள்.

வெற்றிலை, புகையிலை, சிகரெட், மது ஆகியவற்றில் எது, எத்தனை ஆண்டுகளாக என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டும். மாமியார் முன்னால் சொல்லக் கூச்சம் என்றால் தனியாகச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை நல்லது. ஏற்கெனவே படலம் இருப்பவர்கள் மருத்துவர் குறிக்கும் தேதியில் தவறாமல் போக வேண்டும். புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உதவிச் சேவை உள்ளது.

இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒரு முறை, கண்ணாடி முன் நல்ல வெளிச்சத்தில் வீட்டிலேயே பார்க்கலாம். பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு உதட்டை மேலும் கீழும் மடித்துப் பாருங்கள். இரு கன்னங்களையும் விரலால் விலக்கிப் பாருங்கள். நாக்கை நீட்டி இடமும் வலமும் திருப்புங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். கழுத்தைத் தடவிப் பாருங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் கைப்பேசி விளக்கைப் பிடித்து உதவலாம். ஆனால் இது பல் மருத்துவரின் சோதனைக்கு மாற்று ஆகாது.

அடுத்த முறை பாட்டியை இரத்த அழுத்த மருந்து வாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகும்போது, அருகிலுள்ள பல் மருத்துவ நிலையத்துக்கும் ஒரு முறை கூட்டிப் போகலாம். "எனக்குத்தான் பல்லே இல்லையே" என்று அவர் சொல்வார். வாய் இருக்கிறதே என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.