செல்வி பேய்ன்-ஸ்காட்

2017இல் வெளியான கிளீம் வான் அட்டவணையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்கள் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் பரப்பி வைத்த மர்ச்சிசன் தொலைநோக்கியின் ஆண்டெனாக்கள் 72 முதல் 231 மெகாஹெர்ட்ஸ் வரை வானத்தைத் துழாவிச் சேர்த்தவை. பெரும்பாலானவை ரேடியோ விண்மீன் மண்டலங்கள். நடுவே கருந்துளை, இருபுறமும் அது பீய்ச்சிய எலக்ட்ரான் மேகங்கள். கருந்துளை ஓய்ந்த பிறகும் பழைய எலக்ட்ரான்கள் தாழ் அதிர்வெண்ணில் நெடுங்காலம் கனன்றுகொண்டிருக்கும். அட்டவணையின் முதல் ஆசிரியர் ஒரு பெண், நடாஷா ஹர்லி-வாக்கர். அந்தப் பெயர் என்னை 1946க்குக் கொண்டுபோனது.

அந்த ஜனவரி 26 விடியலில் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் குன்றில் ரூபி பேய்ன்-ஸ்காட் 200 மெகாஹெர்ட்ஸில் சூரியனை அளந்தார். நேராக வரும் அலையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்தால் ஒரே ஆண்டெனா இரண்டாகிவிடும். வெவ்வேறு இடைவெளிகளில் எடுத்த இத்தகைய அளவுகளை ஃபூரியே கணிதத்தால் கூட்டினால் மூலத்தின் உருவமே கிடைக்கும் என்று 1947இல் எழுதிய மூவரில் அவர் ஒருவர். இன்றைய ரேடியோ வரைபடங்கள் நிற்பது அந்தக் கணக்கின் மேல்தான். அதே குன்றில் போல்டன், ஸ்டான்லி, ஸ்லீ மூவரும் கடல் உத்தியைத் தொடர்ந்து, 1949இல் இரண்டு ரேடியோ மூலங்களை எம்87, என்ஜிசி 5128 ஆகியவற்றோடு பொருத்திக் காட்டினார்கள்.

நான் தமிழ் படித்தவள். ஃபூரியே எனக்கு எட்டாது; பணிப்பதிவேடு எட்டும். 1944இல் ரூபி பில் ஹாலை மணந்தார். மணமான பெண்ணுக்கு அரசில் நிரந்தர வேலை கிடையாது என்பது அன்றைய விதி. ஆகவே அலுவலகத்தில் செல்வியாகவே இருந்தார். 1950இல் விஷயம் தெரிந்தது. நிரந்தரப் பணி போனது, ஓய்வூதிய உரிமையும் போனது. விதி அநியாயமானது என்று தலைமைக்குக் கடிதம் எழுதி வாதாடினார். பொய் சொன்னவர் என்று அவரைக் குறிப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

1951இல் கருவுற்றிருந்தபோது வேலையை விட்டார். பேறுகால விடுப்பு என்ற ஒன்றே அங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் அந்த விதி நீங்கியது 1966இல். அப்போது அவர் சிட்னியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், திருமதி ஹால் என்ற பெயரில்.