டீசல் காருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த எஞ்சின்

அமெரிக்காவில் டீசல் கார் ஏன் அவ்வளவாக எடுபடவில்லை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காரணங்கள் பல. அதில் ஒன்று ஓர் எஞ்சினின் கதை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அங்கே பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. கார்களின் சராசரி மைலேஜைக் கூட்டியாக வேண்டும் என்று 1975-ல் சட்டம் வந்தது. 1978 மாடல்களிலிருந்து அமல். பெரிய கார்களையும் விற்க வேண்டும், மைலேஜும் கூட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் டீசலில் வழி தேடியது.

அதன் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978 மாடலில் கொண்டுவந்தது 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் வி-8 டீசல் எஞ்சின். அத்தனை பெரிய எஞ்சினுக்கு 120 குதிரைத்திறன்தான். 1980-ல் அதுவும் 105 ஆயிற்று. ஆனாலும் மைலேஜுக்காக ஜனங்கள் வாங்கினார்கள். கேடிலாக், ப்யூக் கார்களிலும் இது ஏறியது.

"பெட்ரோல் எஞ்சினையே டீசலாக மாற்றிவிட்டார்கள், அதனால்தான் கெட்டது" என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. பிளாக்கைத் தடிமனாக, தனியாகத்தான் வார்த்தார்கள். பின்னாளில் பந்தயக்காரர்கள் அந்த பிளாக்கைத் தேடி வாங்கிப் பெட்ரோல் எஞ்சின் கட்டினார்கள் என்றால் அதன் உறுதியைப் பாருங்கள்.

கோளாறு சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட்டில் இருந்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்றை எட்டு மடங்கு அழுத்தினால் போதும். இதில் 22.5 மடங்கு. ஆனால் அதே தொழிற்சாலை இயந்திரங்களில் செய்ய வேண்டும் என்பதற்காக, பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே ஹெட்டுக்குப் பத்து போல்ட்தான் வைத்தார்கள். அழுத்தம் தாங்காமல் போல்ட் நீளும், கேஸ்கெட் போகும், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்த முடியாதே! பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். டீசல் பழக்கமில்லாத மெக்கானிக்குகள் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, நீண்டுபோன பழைய போல்ட்டையே திரும்ப முடுக்கினார்கள். சில நாளில் மறுபடியும் அதே கதை.

இன்னொன்று, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லை. அன்றைய டீசலில் தண்ணீர் இருப்பது சகஜம். பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்தன.

கார் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். கைமாற்று விலை விழுந்தது. பலர் டீசலைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். 1982-ல் வந்த 4.3 லிட்டர் வி-6 டீசலில் போல்ட்டுகளைக் கூட்டினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. எண்ணெய் விலையும் இறங்கியது. 1985-ஓடு உற்பத்தி நின்றது.

மெர்சிடிஸ் 1936-லிருந்தே டீசல் கார் விற்றது. அந்த வண்டிகள் நன்றாகவே ஓடின. ஆனால் சாதாரண அமெரிக்கக் குடும்பம் முதலில் வாங்கிப் பார்த்த டீசல் கார் பெரும்பாலும் இதுதான். அதில் பணத்தை இழந்தவர்கள் போல்ட்டைக் குறை சொல்லவில்லை, டீசலையே குறை சொன்னார்கள். அந்தப் பேச்சு எஞ்சின் நின்ற பிறகும் வெகுகாலம் ஓயவில்லை.