கையொப்பத்திற்குச் சான்று: சின்ன காஞ்சிபுரத்து ஆவணமும் ஹேக் உடன்படிக்கையும்

சின்ன காஞ்சிபுரத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழைச் சிங்கப்பூர் அலுவலர் ஏற்க வேண்டுமெனில், தாம் அறியாத ஒரு பதிவாளரின் கையொப்பத்தை அவர் நம்ப வேண்டும். இந்நம்பிக்கை நெடுங்காலம் தொடர்ச் சான்றொப்பத்தால் பெறப்பட்டது: பதிவாளருக்கு மாநில அரசும், மாநில அரசுக்கு வெளியுறவு அமைச்சகமும், அமைச்சகத்திற்கு அயல்நாட்டுத் தூதரகமும் சான்று பகர்ந்தன. சோழர் ஆட்சியிலும் அரசாணை திருமந்திர ஓலை எழுதுவோர், ஓலைநாயகம் எனப் பலர் கைவழியே சென்றது. எனினும் அச்சங்கிலி ஒரே அரசுக்குள் முடிந்தது.

1961 அக்டோபர் 5ஆம் நாள் உருவான ஹேக் உடன்படிக்கை தூதரகக் கண்ணியை நீக்கி, பத்துக் கூறுகள் கொண்ட ‘அப்போஸ்டில்’ என்னும் ஒற்றைச் சான்றை நிறுவியது. அதன் 5ஆம் பிரிவே நுட்பமானது: அப்போஸ்டிலில் உள்ள கையொப்பத்திற்கு வேறு சான்று கோரலாகாது. இன்றேல் சங்கிலிக்கு முடிவிராது. ஆயினும் அது கையொப்பத்தையும், ஒப்பமிட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே உறுதிசெய்கிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்தை அன்று. இதனை ‘ஆவணச் சரிபார்ப்பு’ எனத் தமிழில் வழங்குவது பிழை.

இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 சூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. ஜெர்மனி இந்தியாவின் இணைவை எதிர்த்ததனால் அவ்விரு நாடுகளுக்கிடையே நடைமுறைக்கு வரவில்லை. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்குச் சென்ற காஞ்சிபுரத்து ஆவணங்களுக்கு உடன்படிக்கையின் பயன் கிட்டவில்லை.