மழைத்தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?



போன ஐப்பசி மழையில் ராசிங்காபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு தகராறு. மேட்டில் புதுவீடு கட்டியவரும் பள்ளத்தில் ஓட்டுவீட்டில் இருப்பவரும் என்னிடம் படித்தவர்கள்தான். மேட்டுக்காரர் வாசல், கொல்லை எல்லாம் மண் தெரியாமல் சிமெண்ட் போட்டுவிட்டார். ஒரே மழையில் தண்ணீர் பள்ளத்து வீட்டு அடுப்படிக்குள் போய்விட்டது. தெருவில் வடிகால் வெட்டலாம் என்று பேச்சு வந்தது. "வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டுவிடலாம் சார்" என்றார் ஒருவர். "அனுப்புறவருக்கும் வாங்கிக்கிறவருக்கும் ஒரே கணக்கா சார்?" என்றார் மற்றவர். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இது புதுக் கேள்வி இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்த விதி இருக்கிறது. நீரைப் பார்த்துக்கொள்வது அரசனின் வேலை மட்டுமல்ல, ஊரின் வேலையும்தான் என்பது அதற்குப் பொருள். நம் பக்கத்தில் அதுவே குடிமராமத்து. கண்மாய்க்கரைக்கு மண் போடுவது, வரத்து வாய்க்காலில் புதர் வெட்டுவது, மடையையும் கலுங்கையும் சரிபார்ப்பது எல்லாம் ஊரார் பொறுப்பு.

கம்பெனி ஆட்சி இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பாசனம் மட்டுமல்ல, வடிகால் வேலையும் அதில் சேர்த்தி. ஊர் வழக்கப்படி உழைக்கக் கடமைப்பட்டவர் தக்க காரணமில்லாமல் வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் கண்மாய் அரசுச் சொத்து, தீர்வை அரசுக்கு, மராமத்து மட்டும் குடிகளுக்கு என்றால் எத்தனை நாள் ஓடும்? வழக்கம் தேய்ந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கண்மாயால் பயன்பெற்றவர் நிலம் உள்ளவர். பல ஊர்களில் கூடை சுமந்து மண் போட்டவரோ நிலமில்லாதவர். பழையதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நகரங்களுக்கு வேறு வழி வந்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் சொத்துவரிக்குள்ளேயே குடிநீர், வடிகால் வரியும் அடக்கம். ஆனால் வரி போட்டது வாடகை மதிப்பைப் பார்த்து. வீட்டிலிருந்து எவ்வளவு மழைநீர் வெளியே ஓடுகிறது என்று யாரும் அளக்கவில்லை.

அதை அளக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974இல் மழைநீருக்கென்றே தனி அமைப்பு வைத்து, இடத்தின் பரப்பையும் அதில் எவ்வளவு கட்டிடம் இருக்கிறது என்பதையும் பார்த்துக் கட்டணம் போட்டது. ஜெர்மனியில் பல ஊர்களில் கூரையும் தளமும் எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கு. தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால் கட்டணம் குறையும். நம் தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2017இல் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, செலவில் 10 சதவீதத்தைப் பயன்பெறுவோர் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரலாம் என்றார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இருவருக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். பன்னிரண்டு லிட்டர் குடத்தில் 380 குடத்துக்கு மேல்! அத்தனையும் ஒரு வீட்டிலிருந்து. மேட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப டேப் எடுத்துட்டு வரேன் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க அளந்தோம். தளமும் கூரையும் எவ்வளவோ, அந்த விகிதத்தில் பணம். உறைகிணறு இறக்குபவருக்குப் பாதி. காசு இல்லாதவர் ஒருநாள் மண்வெட்டி பிடிக்கலாம், ஆனால் கூலி கணக்கில் வரவு வைக்க வேண்டும். கடைசி விதி என் பிடிவாதம். கூடை சுமந்தவர் பெயர் இந்த முறையாவது கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எந்த வீட்டிலிருந்து கிளம்பி எந்த வீட்டுக்குப் போகிறது? அடுத்த மழையில் குடையோடு வாசலில் நின்று பாருங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்