நண்பர் குழாமும் ஏழு ஆலயங்களும்

உரோமை மாநகரின் ஏழு பெரும் ஆலயங்களைச் சந்திக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. வத்திக்கானில் புனித பேதுரு, நகர மதிலுக்குப் புறத்தே புனித பவுல், ஆப்பியா சாலையில் புனித செபஸ்தியார், இலாத்தரனில் புனித யோவான், எருசலேமின் திருச்சிலுவை, மதிலுக்குப் புறத்தே புனித லாரன்ஸ், எஸ்குலின் குன்றில் புனித மரியா பெருங்கோவில் ஆகியவையே அவை. இவற்றைச் சுற்றிவர 20 கிலோமீட்டருக்கும் மேல் நடக்கவேண்டும். இடைக்காலத் திருப்பயணிகள் இதனைத் தவமுயற்சியாகவே செய்துவந்தனர். தவமாக இருந்த இந்த நடையை, தவத்தின் பயன் குறையாமல், நண்பர்கள் கூடி மகிழும் நாளாகவும் ஆக்கியவர் புனித பிலிப்பு நேரி.

1515-இல் பிளாரன்சில் பிறந்த பிலிப்பு, 1530-களில் உரோமைக்கு வந்தார். 1527-இல் பேரரசரின் படைகள் சூறையாடிய அந்நகரின் புண்கள் அப்போது இன்னும் ஆறவில்லை. ஆலயங்கள் பல இருந்தன, ஆர்வம் குன்றியிருந்தது. பொதுநிலையினராகவே பல்லாண்டு வாழ்ந்த அவர், கடைத்தெருவிலும் மருத்துவமனைகளிலும் இளைஞரோடு பழகினார். இரவில் தனியே ஆப்பியா சாலைக்கு நடந்து, புனித செபஸ்தியார் ஆலயத்தின் சுரங்கக் கல்லறைகளில் செபித்தார். 1551-இல் குருவானார். தாம் தனியே நடந்த வழியில் மற்றவரையும் அழைத்துச் செல்லத் தொடங்கியது 1552-ஆம் ஆண்டளவில்.

அவர் தேர்ந்துகொண்ட நாள் கருதத்தக்கது. தவக்காலத்துக்கு முன்வரும் 'கார்னிவல்' களியாட்ட நாள்களில் உரோமை தன்னை மறந்திருக்கும். முகமூடிக் கூத்துகள் ஒருபுறம்; யூதர்களை ஓடவிட்டு எள்ளி நகையாடும் பந்தயங்கள் மறுபுறம். "அங்கே போகாதீர்கள்" என்று பிலிப்பு இளைஞரைத் தடுத்து நிற்கவில்லை. அதனினும் இனிய மகிழ்ச்சியொன்றை அவர்கள்முன் வைத்தார்.

முந்தின நாள் புனித பேதுரு பேராலயம். அன்று அது பாதி பழமை, பாதி புதுமை. மைக்கேலாஞ்சலோவின் பொறுப்பில் பணி நடந்துகொண்டிருந்தது; குவிமாடம் முடிந்ததோ 1590-இல்தான். மறுநாள் புனித பவுல் ஆலயத்தில் தொடங்கி, வயல்வெளிகளினூடே புனித செபஸ்தியார் ஆலயத்தை அடைவர். அவ்வழி இன்றும் 'ஏழு ஆலயங்களின் சாலை' என்றே பெயர்பெற்றுள்ளது. அங்குத் திருப்பலியும் நற்கருணையும் முடிந்ததும், சேலியன் குன்றில் மத்தேயி குடும்பத்தாரின் தோட்டத்தில் மரநிழலில் அமர்ந்து உண்பர்: ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, பழம், சிறிது திராட்சை இரசம். பிரபுவும் கைவினைஞரும் ஒரே புல்தரையில் அமர்ந்தனர். புனித பேதுரு பேராலயத்தின் பாடகர் குழுவுக்குத் தலைவராயிருந்த அனிமூச்சா, பிலிப்பின் குழுவினர் பாடுவதற்கென்றே எளிய பக்திப் பாடல்களுக்கு இசையமைத்துத் தந்தார். பின்னர் எஞ்சிய ஆலயங்களைச் சந்தித்து, புனித மரியா பெருங்கோவிலில் பயணத்தை நிறைவுசெய்வர். திருத்தந்தை பிரான்சிஸ் 2025-இல் அடக்கம் செய்யப்பட்டது அக்கோவிலில்தான்.

சிலராய்த் தொடங்கியவர்கள் காலப்போக்கில் ஆயிரக்கணக்கில் பெருகினர். கூட்டம் பெருகவே ஐயமும் பிறந்தது. புதுமை செய்கிறார், பேர்தேடுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1559-இல் உரோமையின் பதில்குருவாயிருந்த கர்தினால் அவரைக் கடிந்து, பயணங்களுக்குத் தடைவிதித்தார். சிறிது காலம் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் கூடாதென்றார். பிலிப்பு எதிர்வாதம் செய்யவில்லை, கட்சி திரட்டவுமில்லை. கீழ்ப்படிந்து காத்திருந்தார். விரைவிலேயே தடை நீங்கியது. பாட்டொலி மீண்டும் எழுந்தது. மகிழ்ச்சி பக்தியைக் குலைக்கும் என்ற அச்சத்துக்கு வாயால் அன்று, பொறுமையால் அவர் விடை தந்தார்.

அவருடைய நடை உரோமையிலேயே நின்றதற்கு ஒரு காரணமுண்டு. அது நம் மண்ணையும் தொடுகிறது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரும் பிற இயேசு சபையினரும் எழுதிய மடல்கள் பிலிப்பின் குழுவில் வாசிக்கப்பட்டன. உள்ளம் கனன்ற பிலிப்பு, தோழர் சிலருடன் இந்தியாவுக்குப் புறப்பட எண்ணி, துறவி ஒருவரிடம் ஆலோசனை கேட்டார். உரோமையே உமது இந்தியா என்பது அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். ஒருவர் கடல்கடந்து மணற்பரப்பில் நடந்தார்; மற்றவர் தம் நகரின் தெருக்களில் நடந்தார். இருவருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது ஒரே நாளில்: 1622 மார்ச் 12.

நெடுந்தொலைவு சென்றவரையும் உள்ளூரில் நின்றவரையும் திருச்சபை ஒரே தட்டில் நிறுத்தியது. ஏனெனில் நடந்த தொலைவு அன்று, நடந்தவர்களின் நட்பே அளவுகோல். நகரைப் பார்க்கப் போகிறவர் கட்டடங்களைக் காண்பார். நண்பரையும் அழைத்துக்கொண்டு ஆண்டவரைத் தேடிப் போகிறவரோ, அக்கட்டடங்கள் எதற்காக எழுந்தனவோ அதனையே காண்பார். பிலிப்பு தம் தோழர்களுக்குக் காட்டிய உரோமை அதுவே.