தேனில் ஊறிய மாங்கனியும் பீப்பாயில் அடைத்த மாங்கூழும்

அரபு மொழி பயிலப் புகும் மாணவர் 'தமர்' என்னும் சொல்லைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வர். உலர்ந்த பேரீச்சம்பழம் என்பது அதன் பொருள். ஆனால், அதனுடன் 'ஹிந்தீ' என்ற அடைமொழி சேர்ந்துவிட்டால் அது பேரீச்சையன்று. நம் இல்லங்களில் அன்றாடம் கரைக்கப்படும் புளியே அது. 'இந்தியப் பேரீச்சை' என்று அரபியர் வைத்த பெயரே ஐரோப்பிய மொழிகளிலும் சிதைந்து வழங்குகிறது. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலில் இதனை மருந்துப் பொருள்களுள் ஒன்றாக எடுத்துரைத்தார். இன்றும் ரமலான் மாலைகளில் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் இதன் பானம் விரும்பிப் பருகப்படுகிறது.

புளிக்கு வாய்த்த இப்பெருமை மாங்கனிக்கும் உண்டு. 1311இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியில் 'அன்பஜ்' என்றொரு சொல் காணப்படுகிறது. இந்திய நாட்டு மரமொன்றின் காய் என்றும், முனை வளைந்தது என்றும், உள்ளே கொட்டை உடையது என்றும், தேனில் ஊறவைத்து இராக்கிற்குக் கொண்டுவரப்படுவது என்றும் அது விளக்கம் தருகிறது. இவ்வடையாளங்கள் அத்தனையும் மாங்கனிக்குப் பொருந்தக் காண்கிறோம். தேனில் ஊறிய பிற பண்டங்களுக்கும் இக்கனியின் பெயரையொட்டியே 'அன்பஜாத்' என்னும் பொதுப்பெயர் ஏற்பட்டதாம்.

மாங்கனி விரைவில் அழுகும் இயல்புடையது. பாய்மரக் கப்பலில் பல வாரங்கள் செல்லவேண்டிய பயணத்திற்கு அது தாங்காது. ஆகவேதான் தேன் துணைக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிக் கண்ட இப்னு பதூதாவும், உதிர்ந்த பச்சை மாங்காய்களை இந்நாட்டு மக்கள் உப்பிலிட்டுக் காப்பதைத் தமது பயண நூலில் வியந்து பேசுகிறார். பின்னர் போர்த்துக்கீசியர் இங்கு வழங்கிய 'மாங்காய்' என்ற பெயரைத் தம் நாவிற்கேற்ப 'மாங்கா' ஆக்கிக் கடல் கடத்தினர். அன்பஜ் என்ற பழஞ்சொல் அகராதியில் தங்கிவிட, எகிப்தியர் நாவில் இன்று 'மங்கா' என்பதே நடமாடுகிறது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்தது சூளகிரி. ஒரு பக்கம் தொழிற்சாலைகள். மறுபக்கம் கொத்தமல்லியும் காய்கறியும் விளையும் வயல்கள். அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல மாந்தோப்புகள் பெருகுகின்றன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டம், மாங்கனிக்குப் பெயர்போனது. இங்கு மிகுதியாக விளைவது கிளிமூக்கு மாங்காய். பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் இதனை அழைப்பர். அகராதி சொன்ன 'வளைந்த முனை' இக்காயைப் பார்க்கும்போது நினைவுக்கு வராமற் போகாது.

தேன் செய்த வேலையை இன்று ஆலைகள் செய்கின்றன. பழுக்கவைத்த கனியைக் கழுவி, தோலும் கொட்டையும் நீக்கி, கூழாக்கி வடித்து, சூடேற்றிக் கிருமி நீக்குகின்றனர். பின்பு காற்றுப்புகாத பைகளில் நிரப்பி, 215 கிலோ கொள்ளும் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றுகின்றனர். இந்திய மாங்கூழை வாங்கும் நாடுகளில் சவூதி அரேபியா, யமன், குவைத் முதலியவை முன்னிற்பவை. ஆக, ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட வணிகம் ஒன்று வடிவம் மாறித் தொடர்கிறது.

ஆனால், இவ்வணிகத்தில் மரம் வளர்த்தவன் நிலை என்ன? கிளிமூக்கு மாங்காயைப் பெரும்பாலும் வாங்குவது கூழ் ஆலைகளே. கனி சில வாரங்களில் ஒருசேரப் பழுக்கிறது. மரத்தில் விட்டுவைக்கவும் இயலாது, வீட்டில் சேர்த்துவைக்கவும் இயலாது. பீப்பாயிலுள்ள கூழோ ஓராண்டுக்கு மேலும் காத்திருக்கும். காத்திருக்க முடிந்தவன் விலை சொல்கிறான், முடியாதவன் தலையசைக்கிறான். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. கடலில் எழுந்த அவ்வலை தோப்பு வரை வந்து மோதக்கூடியதே. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ந்தது. சித்தூர் மாவட்டம் அண்டை மாநிலக் காய்களுக்குத் தடை விதித்தது. கருநாடக விவசாயிகளுக்காக நடுவணரசு 2.5 லட்சம் டன் வரை விலை ஆதரவு அளிக்க இசைந்தது. கிருஷ்ணகிரி விவசாயிகளும் அவ்வாண்டு வருந்தினர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கூழெடுத்தபின் எஞ்சும் கொட்டையைக் குப்பையென்று கருதுகிறோம். அதன் பருப்பிலுள்ள கொழுப்பு, கொக்கோ வெண்ணெயை ஒத்த தன்மையுடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வகுத்த சாக்லேட் விதியில், கொக்கோ வெண்ணெயுடன் நூற்றுக்கு 5 பங்கு வரை சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளை அனுமதித்தது. அவற்றுள் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. நாம் எறிவது வேறொருவருக்குச் சரக்கு!

தேனில் ஊறவைக்கக் கற்றவர் அன்று இலாபம் கண்டனர். பீப்பாயில் அடைக்கக் கற்றவர் இன்று காண்கின்றனர். கனியைக் காக்கும் வித்தை எவர் கையிலோ, விலையும் அவர் கையில்தான் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். தோப்புக்காரர் பலர் கூட்டுறவாகச் சேர்ந்து அவ்வித்தையைத் தம் கைவசமாக்கிக் கொள்ளாதவரை, மரம் ஒருவருடையதாகவும் கனியின் பயன் இன்னொருவருடையதாகவுமே இருந்துவரும். வணிகத்தால் வளர்ந்த சமுதாயம் நம்முடையது. கடல் கடந்து விற்கத் தெரிந்த நம் செல்வர்கள், விளைவிப்பவனையும் பங்காளியாக்கிக்கொள்ள முன்வந்தால், அந்தக் கூழில் இனிப்பு இன்னும் சற்றுக் கூடும்.